புரூஃப் பார்க்காத பத்து மாதம்

"இனிமே இந்த வீட்டுல யாரும் புரூஃப் பார்க்க வேண்டாம்" என்று லேஅவுட் சார் ஒரு நாள் காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு அறிவித்தார்.

பெரிய முடிவுகளை அவர் நுரை வாயோடுதான் அறிவிப்பார். பாதி வார்த்தை யாருக்கும் புரியாது. எதிர்ப்பு பலமாக இருந்தால், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று கொப்பளித்துத் துப்பிவிடலாம்.

டீச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளியில் முப்பது வருடம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். அவருக்கு மனைவியாக இருந்தது அதைவிடப் பன்னிரண்டு வருடம் அதிகம்.

"என்ன சொன்னீங்க?"

"புரூஃப் வேண்டாம்னேன். நானே பார்த்துக்கறேன்."

"பதினோரு வருஷமா உங்க இதழுக்கு நான் பிழை பார்த்ததுல என்ன குறை கண்டீங்க?"

"குறை ஒன்னும் இல்லை. உனக்கும் வயசாகுது. ஓய்வு வேணாமா?"

"எதுலேருந்து ஓய்வு? சமையலா, துணி துவைக்கிறதா?"

"புரூஃபுலேருந்து."

"இந்த வீட்டுல நான் உட்கார்ந்துக்கிட்டு செய்யற வேலை அது ஒன்னுதாங்க."

அவர் தயாராகத்தான் இருந்தார். ஆறு காரணங்களை முந்தின நாளே வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்திருந்தார். முதல் காரணத்துக்கு வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சர், "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான். சரி. சண்டைக்கு மடித்துக் கட்டிக்கொண்டு போனவருக்கு எதிரே ஆளில்லாமல் போனால் எப்படி இருக்கும்? வாய் கொப்பளித்து முடிக்கும்வரை அவருக்கு அந்த ‘சரி’ சரியாகப் படவேயில்லை.

லேஅவுட் சார் என்பது அவருடைய பெயரில்லை, தொழிலால் ஒட்டிக்கொண்டது. குடிநீர்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் படவரைஞராக இருந்தவர். எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கோடு போட்டே காட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், துறையில் ஓய்வு பெற்றவர்களின் சங்கம் தன் மாத இதழை அவர் தலையில் கட்டியது. இதழின் பெயர் ‘நீர்வழி’. வாசகர் கடிதங்களில் பறக்கும் ஏச்சுப் பேச்சைப் பார்த்து வெளியாட்கள் அதைக் ‘குழாயடி’ என்பார்கள். இருபத்து நான்கு பக்கம். எழுநூறு பிரதி.

துறையில் கடைசிக் காலத்தில் குழாய் வரைந்த அதே வரைகலை மென்பொருளில்தான் அவர் இதழையும் செய்தார். அது படம் வரைவதற்கென்று உண்டானது. புத்தகம் கட்டுவதற்கு வேறு மென்பொருள் இருக்கிறது, கட்டுரையை ஒரு பக்கத்தில் ஊற்றினால் அடுத்தடுத்த பக்கங்களுக்குத் தானே வழிந்து நிரம்பிவிடும் என்று சங்கத்தில் பலபேர் எடுத்துச் சொன்னார்கள்.

"வழியறது எனக்கு ஆகாது. முப்பத்து நாலு வருஷம் அதைத்தான் அடைச்சுக்கிட்டிருந்தேன்" என்று அவர் முடித்துவிட்டார்.

அவர் முறையே வேறு. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெட்டி வரைவார். எழுத்தைக் கொண்டுவந்து அதற்குள் உட்காரவைப்பார். மிச்சம் தொங்கும் வரிகளை வெட்டி அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோவார். எங்காவது ஒரு வரி கூடிவிட்டால் பின்னாலிருக்கும் ஐந்தாறு பக்கத்தையும் கையால் நகர்த்த வேண்டும். சின்ன வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிட்டால் எல்லோரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நகர்ந்து படுப்பார்களே, அப்படி. டீச்சர் அவர் தோளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள்.

"கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க. உங்க இடது இல்லை, என் இடது."

"ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்?"

"அப்ப ஏன் தப்பா நகர்த்தறீங்க?"

பதினோரு வருடம் இப்படிப் போனது. இதழில் அந்தப் பதினோரு வருடத்தில் ஒரே ஒரு பகுதிதான் வளர்ந்தது. ஆரம்பத்தில் கடைசிப் பக்கத்து மூலையில் நாலு விரல் அகலத்துக்கு இருந்த அஞ்சலி, பிறகு அரைப் பக்கமானது, முழுப் பக்கமானது, இப்போது இரண்டு பக்கம். சிரிப்புத் துணுக்குகளை எடுத்துவிட்டுத்தான் அதற்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. போகிற போக்கில் அட்டைப்படம் தவிர மீதி எல்லாம் அஞ்சலியாகத்தான் இருக்கும் என்று லேஅவுட் சார் சொல்வார். அட்டையும் நமக்குத்தான் என்று டீச்சர் சொல்வாள்.

ஒரு நாள் திரையில் அவர் போட்ட நேர்கோடு நடுவில் தொப்பை போட்டுக்கொண்டு நின்றது.

நேர்கோட்டுக்குத் தொப்பை விழுமா? அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் தொப்பை. மென்பொருளைத் திட்டினார். மானிட்டரை மாற்றினார். பிறகு கதவைப் பார்த்தார். கதவின் சட்டமும் நடுவில் வளைந்திருந்தது. ஜன்னல் கம்பி, அலமாரியின் விளிம்பு, நாட்காட்டியின் கட்டங்கள், எல்லாமே அவர் பார்க்கும் இடத்தில் மட்டும் நெளிந்தன. வேறு பக்கம் பார்த்தால் நிமிர்ந்துகொண்டன.

கண் டாக்டர் சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிட்டிருக்கு ஐயா. உங்களுக்கு வந்திருக்கிற வகைக்கு மருந்து இல்லை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். ஓரத்துப் பார்வை நிக்கும். செவுத்துல இடிச்சுக்க மாட்டீங்க. ஆனா எழுத்தும் முகமும் கஷ்டமாயிடும்."

"கோடு?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. ஓரம் மட்டும் தெரியும் என்றால் இருபத்து நான்கு பக்கத்துக்கும் மார்ஜின் போடலாம் என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

வீட்டில், "கண்ணுல ஈரம் கம்மியாம். சொட்டு மருந்து போட்டுக்கணுமாம். மத்தியானம் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கணுமாம்" என்றார்.

"ஈரம்தானா? நான் வேணா அழவைக்கவா?" என்றாள் டீச்சர்.

அவளிடம் ஏன் மறைத்தார் என்று கேட்டால் அவராலேயே நேராகப் பதில் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அந்த ஒரு மேசைக்கு முன்னால்தான் அவர் எஜமான். மற்ற அறைகளில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதழும் போய்விட்டால் காலையில் எழுந்து எதற்கு முன்னால் போய் உட்காருவது? சொன்னால் டீச்சர் அன்றைக்கே சங்கத்துக்குப் போன் செய்து வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவாள் என்று பயந்தார். இன்னொன்றும் உண்டு. சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள முடியாது. அவள் முகம் இருந்த இடத்தில் அப்போதே புகை படிந்த கண்ணாடி போல ஒன்றுதான் இருந்தது.

ஆகவே புரூஃப் நிற்க வேண்டும். புரூஃப் பார்க்கிறவள், "இது எப்படிங்க உங்க கண்ணுல படலை?" என்று பக்கத்துக்கு நாலு முறை கேட்பாள். நாலு முறை கேட்டால் ஐந்தாவது முறை கண்டுபிடித்துவிடுவாள்.

அவரிடம் ஒரு பூட்டு இருந்தது. அச்சகத்துக் கணினியில் இவருடைய தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகக் கொட்டிப்போகும். அதனால் அனுப்புவதற்கு முன் எல்லா எழுத்தையும் வளைகோடாக மாற்றிவிடுவது வழக்கம். மாற்றிய பிறகு ‘அ’ என்பது எழுத்தில்லை. ‘அ’ மாதிரி வளைந்து கிடக்கிற ஒரு படம். அழித்து வேறு எழுத்துத் தட்ட முடியாது. இத்தனை வருடமும் டீச்சர் பார்த்து முடித்த பிறகு மாற்றுவார். இப்போது அவள் பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிட்டார்.

"வளைகோடா மாத்திட்டேன்" என்றார், பெரிய பட்டாபிஷேகம் நடந்த மாதிரி.

"எல்லாத்தையுமா?"

"இருபத்து நாலு பக்கமும். இனிமே ஒரு துணைக்காலைக்கூட யாராலயும் அசைக்க முடியாது."

"சரி" என்றாள் அப்போதும்.

வேலை எப்படி நடந்தது என்றால், தைரியத்தில் நடந்தது. கட்டுரைகள் போனில் தட்டச்சாகி வந்தன. அதை எடுத்து ஒட்டக் கண் எதற்கு? பெட்டிகள் வழிகாட்டிக் கோட்டில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். தலைப்பைத் தலைப்பு என்று அதன் உடம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். மிகவும் அவசியம் என்றால் ஒரு எழுத்து திரை முழுவதும் நிற்கும்வரை பெரிதாக்கி, கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் அதன் ஓரத்தைத் தடவித் தடவிப் படிப்பார். ஒரு வரி படிக்க ஒரு டம்ளர் காப்பி ஆறிவிடும்.

முடித்ததும் பென் டிரைவில் போட்டு டீச்சர் கையில் கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் அவரே அச்சகத்துக்குப் போவார். அங்கே போனால், "சார், ஒரு தடவை ஸ்கிரீன்ல பார்த்துடுங்க" என்பார்கள். அந்த வம்பே வேண்டாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, "நான் எப்படியும் அந்தப் பக்கம் நடக்கத்தான் போறேன், கொடுங்க" என்று டீச்சர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதிர்ஷ்டம் வாசலைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தார்.

முதல் இதழ் வெளியான வாரம் அவர் போனை எடுக்கவே நடுங்கினார். யாரும் திட்டவில்லை. இரண்டாவது மாதமும் திட்டவில்லை. நான்காவது மாதம் சங்கத்துச் செயலாளரே கூப்பிட்டு, "இப்பல்லாம் தேடிப் பார்த்தாலும் ஒரு பிழை கிடைக்க மாட்டேங்குதே!" என்றார்.

லேஅவுட் சாருக்குத் தலை கொஞ்சம் கனத்தது. கண் போனால் என்ன, கைக்குத் தெரிகிறது. நாற்பத்தைந்து வருடத்துக் கை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

"பார்த்தியா? புரூஃப் பார்க்காமலே பிழையில்லாம வருது. அப்ப பிழை எங்கேருந்து வந்துக்கிட்டிருந்துச்சு?"

"என்கிட்டேருந்துதான் போலிருக்கு."

"நான் சொல்லலை. நீயாத்தான் சொல்றே."

"எல்லாம் உங்க கைராசிங்க" என்றாள் டீச்சர். அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

பத்தாவது மாதம். டீச்சர் பத்து மணிக்குப் பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பதினொன்றுக்குப் போன் வந்தது.

"யாரு, லேஅவுட்டா? பம்ப் ஹவுஸ் பேசறேன்!"

பம்ப் ஹவுஸ் என்பவர் சங்கத்தின் துணைத் தலைவர். பம்ப் ஹவுஸில் இன்ஜினியராக இருந்து மோட்டாருக்கு மேல் கத்திக் கத்தியே வாழ்ந்தவர். அவர் போனில் பேசுவதற்குப் போன் தேவையில்லை. ஒரு வருடமாகப் பெரிய நோயில் கிடந்து, டாக்டர்கள் கையை விரித்த பிறகும் எழுந்து வந்துவிட்டார். ‘மீண்டு வந்த துணைத் தலைவரே, நீடூழி வாழ்க’ என்று மூன்றாம் பக்கத்தில் அவருக்குப் படத்தோடு வாழ்த்து.

"என் போட்டோ வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. ஜம்முனு இருக்கீங்க."

"என்னய்யா ஜம்மு? மருந்து போட்ட போடுல தலையில ஒரு முடி மிச்சமில்லை. பல்பு மாதிரி மின்னுது. பழைய படத்தை அனுப்புங்கன்னு வீட்டுல ஒரே அழுகை. நான் மாட்டேன்னுட்டேன். இதுதான்டி ஜெயிச்சுட்டு வந்த தலை, இதையே போடட்டும்னுட்டேன். அடையாளம் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது" என்றார் லேஅவுட் சார்.

அந்த மாதம் அவருக்கு வந்தவை இரண்டு படங்கள். ஒன்று பம்ப் ஹவுஸ். இன்னொன்று, மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோன மீட்டர். வீடு வீடாகப் போய்க் குழாய் மீட்டரில் எண் பார்த்தவர், அதனால் அவர் மீட்டர். இரண்டு படமும் போனில் வந்தன. பெயருக்குப் பதிலாக நீளமான எண்கள். முகங்கள் இரண்டும் அவருக்கு ஒரே சாம்பல். ஆனால் ஒரு படத்தில் உச்சி வெளுப்பாக இருந்தது, ஒன்றில் கறுப்பாக இருந்தது. அது போதாதா? மீட்டர் இருபது வருட வழுக்கை. பம்ப் ஹவுஸுக்குச் சீப்பு உடைகிற முடி. வெளுத்த தலை அஞ்சலிக்கு, கறுத்த தலை வாழ்த்துக்கு. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கண் இல்லாவிட்டாலும் மூளை இருந்தால் போதும் என்று தன்னையே தட்டிக்கொடுத்திருந்தார்.

இப்போதுதான் மீட்டரின் மகன் சொன்னது காதில் ஒலித்தது. "அப்பா நல்லா இருக்கிற படமாப் போடுங்க சார். கல்யாண ஆல்பத்துலேருந்து எடுத்தது."

அப்படியானால் மூன்றாம் பக்கத்தில் செத்துப்போன மீட்டர், அடர்ந்த தலைமுடியோடு, நீடூழி வாழ்கிறார். இருபத்திரண்டாம் பக்கத்தில், எமனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த தலையோடு பம்ப் ஹவுஸ், கறுப்புக் கட்டத்துக்குள். ‘அன்னாரின் பிரிவால் வாடும்’ என்று கீழே சங்கத்தார் பெயர்கள். அதில் பம்ப் ஹவுஸின் பெயரே மூன்றாவது.

"எப்ப வரும் இதழ்? என் வீட்டுக்காரி தினமும் கேட்கறா."

"வந்துடும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அச்சகத்துக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மிஷின் ஓடினால் அங்கே எதுவும் கேட்காது. டீச்சருக்கு அடித்தார். டீச்சரின் போன் சாப்பாட்டு மேசைமேல் அடித்தது.

தனியாகத் தெருவில் இறங்கி மாதக்கணக்காகிவிட்டது. டாக்டரிடம் போவதானால் வாசலுக்கே வண்டி வரும். இன்றைக்கு வண்டிக்குச் சொல்லிக் காத்திருக்க மனசில்லை. சுவர் ஓரமாகவே நடந்தார். நேரே பார்த்தால் தெருவின் நடுவில் ஒரு பெரிய அழிரப்பரால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து திடீர் திடீரென்று ஆட்கள் முளைத்தார்கள். யாரோ ஒருவர் "வணக்கம் சார்" என்றார். குரல் வந்த பக்கம் கும்பிட்டார். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு வண்டிக்காரர் தன்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்து, "என்னய்யா?" என்று சண்டைக்கு வந்தார். இந்தத் தெருவுக்கு அடியில் போகும் குழாய் அத்தனையும் அவர் வரைந்தது. அடியில் இருப்பது தெரிந்தது. மேலே இருப்பதுதான் தெரியவில்லை.

அச்சகத்தை மையின் வாசனையை வைத்துப் பிடித்தார்.

"அட, சார்! வாங்க வாங்க! எத்தனை மாசமாச்சு!" என்று அச்சகக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "அம்மா இப்பதான் போனாங்க. இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க."

"நிறுத்துங்க. அச்சடிக்காதீங்க. ஃபைல்ல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தப்பா? அம்மா ஃபைல்ல தப்பே இருக்காதே சார்."

"அம்மா ஃபைலா?"

"ஆமா. மூணாம் பக்கமும் இருபத்திரண்டாம் பக்கமும் ஒரே தாள்லதான் வருது. பிளேட் போட்டு முதல் தாளே ஓட்டியாச்சு. இந்தாங்க, பாருங்க."

ஈரம் காயாத தாள் ஒன்று அவர் கைக்கு வந்தது. லேஅவுட் சார் அதை முகத்துக்கு நேராகப் பிடித்தார். தாளின் நாலு ஓரமும் கச்சிதமாகத் தெரிந்தன.

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க. அஞ்சலியில யாரு படம் இருக்கு?"

"கண்ணாடி மூக்கு மேலதானே சார் இருக்கு?"

"இது தூரத்துக்கு!"

அச்சகக்காரர் அந்தக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாளை வாங்கி, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அஞ்சலியில மீட்டர் ஐயா. சின்ன வயசுப் படம், நிறைய முடியோட. மூணாம் பக்கத்துல பம்ப் ஹவுஸ் ஐயா, மொட்டைத் தலை. அழகா சிரிக்கிறாரு. எல்லாம் சரியா இருக்கு சார்."

லேஅவுட் சார் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"என் பென் டிரைவ் எங்கே?"

"அதுவா? அம்மா எப்பவும் ரெண்டு பென் டிரைவ் கொண்டு வருவாங்க. ஒன்னை என்கிட்ட கொடுப்பாங்க. இன்னொன்னு பையிலேயே இருக்கும். ஒரு தடவை அது என்னம்மான்னு கேட்டேன். ‘அது அவரோடது, அதைத் தொடாதீங்க’ன்னாங்க."

"எத்தனை மாசமா?"

"நீங்க வராம இருந்ததுலேருந்து."

"எல்லா எழுத்தையும் வளைகோடா மாத்தியிருந்தேனே. அதை எப்படித் திருத்த முடியும்?"

"அதையும் நான் கேட்டேன் சார். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அதுக்கு முந்தின நிலைமையை மென்பொருள் அதே இடத்துல ஒரு நகலா வச்சிருக்குமாம்ல? வளைகோடா மாத்தறதுக்கு முந்தினது. அம்மா அதைத் திறந்து வேலை பார்க்கறாங்க. நீங்க மத்தியானம் படுத்துக்குவீங்களாம், அந்த ரெண்டு மணி நேரத்துல."

அந்த நகல் இருப்பது அவருக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், டீச்சரை ஸ்டூலில் உட்காரவைத்து, மின்சாரம் போனால்கூடப் பயப்பட வேண்டாம் பார் என்று அதைக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான். முன்வாசலுக்கு அவ்வளவு பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, பின்வாசலைச் சாத்தக்கூட இல்லை.

"படம், பெட்டி, கோடு எதையும் அவங்க நகர்த்த மாட்டாங்க சார்" என்றார் அச்சகக்காரர். "எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்துவாங்க. இந்த மாசம்தான் ரெண்டு படத்தை இடம் மாத்தினேன்னு சொன்னாங்க. காப்பி சொல்லவா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தாள் தாளாக விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பத்து மாதமாக அவர் செய்த பத்து இதழ்கள் எங்கேயும் அச்சாகவில்லை. கை, கை என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்தக் கை செய்த பிழையெல்லாம் டீச்சரின் பையில் கிடக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருக்குக் கோபம் வர வேண்டியது. வரவழைத்தும் பார்த்தார். அவளைத் திட்டுவதற்கு இரண்டு நல்ல வாக்கியங்கள்கூடத் தயார் செய்தார். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள், நாளைக் காலையில் எழுந்து எதற்கு முன்னால் உட்காருவது என்ற பழைய கேள்வி எதிரே வந்து நின்றது. திட்டினால், தெரிந்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் இவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு என்ன பெயர்?

ஆகவே இரண்டாவது பெரிய முடிவை எடுத்தார். ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடுவது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதமும் பெட்டி வரையலாம். வளைகோடாக மாற்றலாம். பென் டிரைவைக் கொடுக்கலாம். இந்த ஒரு விஷயத்திலாவது நான் ஒரு படி மேலே இருக்கிறேன் என்று நினைத்ததும் நடையில் கொஞ்சம் தெம்பு வந்தது.

டீச்சர் அவருக்கு முன்பே வந்து, சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"சும்மா. காலாற நடந்துட்டு வந்தேன்."

"கால்ல என்ன?"

"செருப்பு."

"ஒன்னு உங்களோடது. இன்னொன்னு என்னோடது."

அவர் குனிந்து பார்த்தார். பார்த்து என்ன பயன்? கால் விரலை அசைத்துப் பார்த்தார். இடது காலில் குதிகால் பாதி வெளியே நின்றது. அச்சகக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"அவசரத்துல மாறிப்போச்சு."

"காலாற நடக்கிறதுக்கு என்னங்க அவசரம்?"

"இந்த வீட்டுல ஒரு மனுஷன் நடந்துட்டு வர்றதுக்குக்கூடக் கணக்குச் சொல்லணுமா?" என்று குரலை உயர்த்தினார். உயர்த்தியது நன்றாகத்தான் வந்தது. அதே வேகத்தில், "இதழைக் கொடுத்துட்டியா?" என்றார்.

"கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"உங்க லேஅவுட் பிரமாதம்னாரு."

டீச்சர் அடுத்த கீரைத் தண்டை ஒடித்தாள். தப்பித்துவிட்டோம் என்று லேஅவுட் சார் நாற்காலியில் சாய்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கண் டாக்டர்" என்றாள் டீச்சர். "நானும் வரேன்."

"நீ எதுக்கு? வெறும் ஈரம் கம்மி. போனா ரெண்டு நிமிஷம்."

"போன தடவையும் வந்தேன்."

"எங்கே வந்தே?"

"ஆஸ்பத்திரிக்கு. நீங்க ஏறின வண்டிக்குப் பின்னாலேயே இன்னொரு வண்டியில. உங்களுக்கு நேர் எதிர் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

லேஅவுட் சார் வாயைத் திறந்தார். நுரைகூட இல்லை.

"முக்கால் மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. சிரிச்சுக்கூடப் பார்த்தேன்." டீச்சர் கீரையை ஒதுக்கி வைத்தாள். "அப்புறம் உங்க கையிலேருந்து டோக்கன் சீட்டு கீழே விழுந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். ‘ரொம்ப நன்றிம்மா’ன்னு சொன்னீங்க. நாப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவை."